மாப்பிள்ளை அவர்களின் பச்சைக் காரைப் பராமரித்த விவரம்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
பவ வருஷம் ஐப்பசி மாதம் 29ஆம் தேதி, புதன்கிழமை
14-11-1934

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை வாசுதேவன் அவர்களுக்கு,

ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவனும், தங்கள் மனைவி சீதாலெட்சுமியின் மூத்த தமையனுமாகிய தம்புசாமி, தங்களுக்குத் தீர்க்காயுசு வேண்டி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நானும் என் சம்சாரம் பவுனம்மாளும் சீதாலெட்சுமியும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். தங்கள் தேக நிலை, இருமல், சாயங்காலக் காய்ச்சல், ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஆகியவற்றை விவரமாக எழுதக் கோருகிறேன். பாலில் தண்ணீர் கலக்கிறார்களா என்பதையும் எழுதவும். கலந்தால் பெரிய டாக்டருக்கு ஒரு புகார்க் கடிதம் தயார் செய்து அனுப்புகிறேன். அந்த வேலை எனக்குக் கைவந்தது.

இந்தக் கடிதம் தங்கள் காரைப் பற்றியது. தெரிந்த சங்கதியையும் முதலிலிருந்து எழுதினால்தான் எனக்குக் கை ஓடும், பொறுத்துக்கொள்ளவும். தாங்கள் டெங்கில் ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய துரையிடம் வாங்கிய கார் அது. அப்போதே அதற்கு வயதாகிவிட்டது. சென்ற மாசியில் நெஞ்சு வியாதிக்கு மருத்துவம் பார்க்கத் தாங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது, தோட்டத்து வீட்டைக் காலி செய்து, சீதாலெட்சுமியையும் காரையும் என் வீட்டில் விட்டுப் போனீர்கள். போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதத்தில், 'காரைத் துடைத்து வைக்கவும், நான் திரும்பும் நாளில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் கப்பலடிக்குக் கொண்டுவரவும், நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதும். மேலிடத்து உத்தரவு எழுத்தில் வந்துவிட்டால் தம்புசாமி அதிலிருந்து ஓர் அங்குலம் நகரமாட்டான் என்று ரயில்வேயில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று மாதம் என்று போனீர்கள், இது ஒன்பதாவது மாதம். ஆரம்பத்தில் கப்பலுக்குக் கப்பல் நாலு பக்கம் எழுதினீர்கள். பிறகு இரண்டு பக்கம் ஆயிற்று. ஆடியில் ஒரு கார்டு வந்தது, அதிலும் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. புரட்டாசிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. தபால்காரன் எங்கள் வாசலைத் தாண்டிப் போனதும் நான் வாளியை எடுத்துக்கொண்டு கார்க் கொட்டகைக்குப் போய்விடுவேன். பவுனம்மாள் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிடுவாள். சீதாலெட்சுமி மட்டும் வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்பாள்.

இப்போது பொட்டு விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் புறப்பட்ட அன்று காலை சீதாலெட்சுமி காரின் முன்பக்கத்தில், தண்ணீர் ஊற்றும் மூடிக்குக் கீழே, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தது தங்களுக்கு ஞாபகம் இருக்கும். தங்களைக் கப்பல் ஏற்றிவிட்டு வந்ததும் நான் வழியில் ஒட்டிய செம்மண்ணைத் துடைக்கத் துணியை எடுத்தேன். பவுனம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "எல்லாத்தையும் தொடைங்க, அந்தப் பொட்ட மட்டும் தொடாதீங்க. சுமங்கலி வச்ச பொட்டு. மாப்பிள்ள திரும்பி வந்து அவரு கையால தொடைக்கட்டும்" என்றாள். அவள் குரல் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பொட்டு எங்கள் வீட்டில் ஒரு சட்டமாகிவிட்டது. சந்தனம் சில நாளில் உதிர்ந்தது. குங்குமம் பச்சைப் பெயிண்டில் ஊறி அப்படியே நின்றது. நான் அதைச் சுற்றித் துடைத்தேன், சுற்றிக் கழுவினேன், நாள் தவறாமல் காலையில் முதல் வேலையாக அது இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தால் தாங்கள் அங்கே நன்றாக இருக்கிறீர்கள் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு காரைச் சுத்தமாக வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல என்பதைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் செங்கல் சூளைத் தூசி, மறுபக்கம் ரயில்வே யார்டிலிருந்து எஞ்சின் கரி. காலையில் பச்சையாக இருக்கும் கார் மத்தியானம் காக்கை நிறமாகிவிடும். முதல் மாதம் பவுனம்மாள் துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியால்தான் கழுவினேன். கரி போயிற்று, கூடவே பளபளப்பும் போயிற்று. உடம்பெல்லாம் சாம்பல் பூசினதுபோல ஒரு வெள்ளை படர்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் மறையும், காய்ந்தால் திரும்பி வரும். ஆகவே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு வாரத்தில் கொட்டகையில் சேறு, சேற்றில் கொசு, கொசுவினால் சுகாதார இலாகாவிலிருந்து ஓர் ஆள். அவர் எழுதிய நோட்டீசில் இலக்கணப் பிழை இரண்டு இருந்ததைச் சுட்டிக்காட்டினேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

பிறகுதான் நசீருதீனிடம் போனேன். நம் தெருமுனையில் பலசரக்கும் சீமை ஷாப்புச் சாமானும் வைத்திருக்கிற நசீருதீன் ராவுத்தரைத் தங்களுக்குத் தெரியும், நல்ல மனுஷர், ஆனால் அவர் கடையில் இல்லாத சாமான் உலகத்திலேயே தேவையில்லை என்று நினைக்கிறவர். "காருக்கு மெருகு வேணும்" என்றேன். அவர் ஏணி போட்டு ஏறி மூன்று டப்பாக்களை இறக்கினார். "அண்ணே, மூணும் சீமைச் சரக்கு. ஒண்ணு பித்தளைக்கு, ஒண்ணு மேசை நாற்காலிக்கு, ஒண்ணு கால்ல போடுற சப்பாத்துக்கு. ஒங்க கார்ல பித்தளை இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "மரம் இருக்கா?" சக்கரத்து ஆரக்கால்கள் மரம் என்றேன். "தோலு?" ஆசனம் தோல் என்றேன். "அப்ப மூணையும் எடுத்துட்டுப் போங்க, எந்தப் பக்கத்துக்கும் கொறையில்லாம இருக்கும்" என்றார். அவர் கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் நான் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறேன். தப்பு எங்கே நடந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பித்தளை மெருகில் ஆரம்பித்தேன். விளக்குகள் இரண்டும், ஹாரனும் அப்படிப் பளபளத்தன, பவுனம்மாள் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. அந்தச் சந்தோஷத்தில், பித்தளைக்கு இவ்வளவு செய்கிற சாமான் பெயிண்டுக்கு என்ன செய்யாது என்று இடதுபக்கக் கதவில் கொஞ்சம் வைத்துத் தேய்த்தேன். துணி பச்சையாயிற்று. நான் அழுக்கு வருகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். நிறுத்தியபோது கதவில் ஒரு வெற்றிலை அளவுக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. அந்த இடத்தைத் தாங்கள் வரும்போது காட்டுகிறேன். காட்டாமல் விட்டாலும் தெரியும்.

மேசை நாற்காலி மெருகு அப்படிக் கெடுதல் செய்யவில்லை. கார் முழுவதும் பூசி முடித்தபோது முகம் பார்க்கலாம் போல் இருந்தது. ஆனால் அது காயாது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. நிழலில் இருக்கிற மேசையில் அது காயுமோ என்னவோ, நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுவென்றே இருந்தது. பத்து மணி ரயில் போனதும் அந்த எஞ்சின் கக்கிய கரி முழுவதும் வந்து காரின்மேல் உட்கார்ந்தது. அதை எடுக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று, அதுவும் விரல் நகத்தால்.

சப்பாத்து மெருகைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. மழைக்காலத்தில் ஆசனத்துத் தோலில் பூஞ்சை பூத்துவிட்டது. தோல்தானே, சப்பாத்தும் தோல்தானே என்று அந்தப் பழுப்பு மெருகை ஆசனம் முழுவதும் பூசினேன். பூசி இரண்டு நாள் கழித்து அம்பாங்கில் என் பழைய சிநேகிதர், ரயில்வேயில் என்னோடு இருந்தவர், காலமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. பக்கத்து வீட்டுக் கன்னையா ஒரு டாக்டர் துரையிடம் டிரைவர். அவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் காரைக் கிளப்பிக் கொஞ்சம் ஓட்டி வைப்பது. அன்றும் அவரே ஓட்டினார். நான் வெள்ளை ட்ரில் சூட்டு போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். துக்க வீட்டில் இறங்கி, மாலையைப் போட்டு, குனிந்து கும்பிட்டேன். பின்னால் நின்றவர்கள் ஓரடி விலகினார்கள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இறந்தவரின் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு அழைத்து வந்து, "ஐயா, ஒடம்புக்கு முடியலேன்னா யாரு ஒங்களத் தப்பா நெனைக்கப் போறா, எதுக்கு இவ்ளோ தூரம் சிரமப்பட்டு வந்தீங்க" என்று கண் கலங்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சூட்டைக் கழற்றி, பின்பக்கத்துப் பழுப்பைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் இனி அம்பாங் பக்கம் போகமாட்டேன்.

இதற்கெல்லாம் மேலே தீபாவளி வந்தது. வழக்கம்போல் விடியற்காலையில் பவுனம்மாள் எங்கள் தலையில் நல்லெண்ணெய் வைத்தாள். நான் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் வந்தால், கையில் கிண்ணத்தோடு அவள் காருக்கும் எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறாள். கூரைச் சீலையிலிருந்து சக்கரம் வரைக்கும் எண்ணெய். பொட்டை மட்டும் விட்டுவிட்டு, அதைச் சுற்றி விரல் நுனியால், குழந்தையின் உச்சிக்குழியைத் தொடுகிற பதனத்தோடு வைத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒனக்கு மூள இருக்காடீ, இது என்ன மனுஷனா?" என்று கேட்டேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வீட்டுல இருக்கறவங்க எல்லாருக்கும் வச்சாச்சுங்க. மாப்பிள்ள தலைக்கு யாரு வப்பாங்க, அந்த ஆஸ்பத்திரியில? அவரு பங்க இதுக்காவது வப்பமேன்னு வச்சேன்" என்றாள். நான் போய்ச் சீயக்காய் எடுத்து வந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து தேய்த்தோம். இரண்டு படி சீயக்காய் ஆயிற்று. எண்ணெய் பாதிதான் போயிற்று. சீயக்காய் நீர் கதவின் இடுக்கெல்லாம் இறங்கிக் காய்ந்து, கார் இப்போது கதவைத் திறக்கும்போதெல்லாம் சனிக்கிழமை வாசனை அடிக்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கன்னையா வந்து பார்த்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவருக்கு எதையும் சட்டென்று சொல்லிப் பழக்கமில்லை. கடைசியில், "அண்ணே, காருக்கு ரெண்டே சாமான்தான். தண்ணி நெறைய, மெழுகு கொஞ்சம். மத்ததெல்லாம் கடைக்காரன் பொழைக்கறதுக்குலா" என்றார். தன் வீட்டிலிருந்து, துரை வீட்டுக் கார்களுக்குப் போடுகிற மெழுகு டப்பாவில் மிச்சம் இருந்ததையும், மெத்தென்ற தோல் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். அவர் சொன்ன முறை: முதலில் வெறும் தண்ணீரில் மேலிருந்து கீழாகக் கழுவு, நிழலில் காயவிடு, சுண்டுவிரல் நுனி அளவு மெழுகு எடு, ஒரு சாண் இடத்துக்கு மேல் ஒரே தடவையில் போகாதே, பூத்து வெளுத்ததும் தோலால் துடை. இவ்வளவுதான் வித்தை. ஒன்பது மாதமாக இதை எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலியேண்ணே, தொடைக்கறதுலயே ரொம்ப முசுவா இருந்தீங்க" என்றார்.

மாப்பிள்ளை, நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த மெழுகு பட்ட இடமெல்லாம் பச்சை திரும்பி வந்தது. சவுக்காரத்தின் வெள்ளையும் போயிற்று, நல்லெண்ணெய்ப் பிசுக்கும் போயிற்று. பின்பக்கத்தில் தொடங்கி, கதவுகளை முடித்து, முன்பக்கம் வந்தபோது மத்தியானம் மணி இரண்டு. நான் சாப்பிடவும் இல்லை. தாங்கள் கப்பலிலிருந்து இறங்கி இந்தக் காரைப் பார்த்ததும் முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டே தேய்த்தேன். "என்ன மச்சான், புதுசா வாங்கிட்டீங்களா?" என்று தாங்கள் கேட்பதாகவும், நான் சாவியை எடுத்து நீட்டுவதாகவும் மனசுக்குள் ஓடிற்று. கை தன்பாட்டுக்குப் போயிற்று. பிறகு துணியைப் பார்த்தேன். துணி சிவப்பாக இருந்தது.

பொட்டு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நிழல்கூட இல்லை. அவ்வளவு நல்ல மெழுகு.

என் அப்பா செத்த அன்றுகூட நான் அப்படிப் பயப்பட்டதில்லை. நான் சகுனம் பார்க்கிறவன் அல்ல. பூனை குறுக்கே போனால் கூட்ஸ் வண்டியை நிறுத்த முடியுமா என்று ஆபீசில் எல்லோரையும் கேலி செய்தவன். ஆனாலும் மறுநாள் திங்கட்கிழமை, கப்பல் தபால் வருகிற நாள். விடிந்தால் தபால்காரன் வருவான், அதற்கு முன்னால் பொட்டு அங்கே இருந்தாக வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பு எனக்கு வரவில்லை.

பூஜை அறையிலிருந்து குங்குமம் எடுத்து வந்து வைத்தேன். மெழுகின்மேல் குங்குமம் நிற்கவில்லை, உதிர்ந்து போயிற்று. தேங்காயெண்ணெயில் குழைத்து வைத்தேன். அது வழிந்து மூக்குச்சளி போல் கீழே வந்தது. மெழுகிலேயே குழைத்தால் கறுத்துப் போயிற்று. கடைசியில் கடைத்தெருவுக்குப் போய், பெயர்ப்பலகை எழுதுகிற சீனரை அழைத்து வந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. சிவப்பு எனாமல் பெயிண்டைக் காட்டி, காரைக் காட்டி, என் நெற்றியையும் காட்டினேன். அவர் என் நெற்றியில் தூரிகையை வைக்கப் போனார். ஒருவழியாகப் புரியவைத்தபின், ஒரே மூச்சில் ஒரு வட்டம் போட்டார். ரயில்வே சிக்னலில்கூட அப்படி ஒரு வட்டம் கிடையாது. சீதாலெட்சுமி வைத்த பொட்டு அப்படி இல்லை, இடதுபக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும், அன்று அவள் தங்களைப் பார்த்தபடியே வைத்தது அது. அதுபோலச் சரித்துக் கொடுக்கும்படி ஜாடை காட்டினேன். அவர் கோபித்துக்கொண்டு தூரிகையைக் கழுவிவிட்டார். தொழிலில் அவ்வளவு மானம் உள்ள மனுஷரை நான் என்ன சொல்வது?

திங்கட்கிழமை காலை சீதாலெட்சுமி கொட்டகைப் பக்கம் வந்தாள். நான் வாளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் காரைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தபால்காரன் எங்கள் வாசலைத் தாண்டிப் போனான்.

ஆகவே உண்மையைத் தங்களுக்கே எழுதுவது என்று தீர்மானித்தேன். அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை. மாப்பிள்ளை, பொட்டை அழித்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பாவம் எதுவானாலும் என்னைப் பிடிக்கட்டும், எனக்கு வயது அறுபது, பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துவிட்டேன். தாங்கள் பிழைத்து எழுந்து வர வேண்டும். ஒரு கார்டு போதும். ஒரு வரி போதும். எழுத்து எவ்வளவு சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை. கதவில் வெற்றிலை அளவுக்குப் பெயிண்டு போனதற்குத் தாங்கள் என்னை வாயார வையலாம், அதற்காகவாவது எழுதுங்கள். கூடவே, எனாமலை என்ன வைத்து எடுப்பது என்று தெரிந்தால் அதையும் குறிப்பிடவும்.

சர்வேஸ்வரன் தங்கள் நெஞ்சில் பலத்தையும் மூச்சில் தெளிவையும் கொடுத்து, இந்த வீட்டுப் பெண் பிள்ளையின் வாசற்படி நிற்பை முடித்துவைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பவுனம்மாள் தன் அன்பையும், வேளாவேளைக்கு மருந்து சாப்பிடும்படியும் சொல்லச் சொன்னாள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் கோரும் மைத்துனன்,
தம்புசாமி

பின்குறிப்பு. சனிக்கிழமை, 17-11-1934.

மேலே கண்ட கடிதத்தை எழுதி மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தபாலில் போடக் கை வரவில்லை. இன்று காலை கொட்டகைக்குப் போனால், சீதாலெட்சுமி மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்தப் பொட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு உயிர் போய்விட்டது. "அம்மாடி, தொடாத, அது..." என்று ஓடினேன்.

"பெயிண்டுதானேண்ணே. அன்னிக்கே தெரியும். வாசன சமையக்கட்டு வரைக்கும் வந்துச்சு" என்றாள், தேய்ப்பதை நிறுத்தாமல்.

"அவரு வர்ற வரைக்கும் பொட்ட அழிக்கக் கூடாதுன்னு..."

"நானா சொன்னேன்? அண்ணி சொன்னாங்க, நீங்க கேட்டுக்கிட்டீங்க. என்னைய யாரு கேட்டீங்க? என் பொட்டு என் நெத்தியில இருக்கு. கார்ல இருக்கறது காருக்கு வச்சது."

நான் வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவள் துணியை மடித்துப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "ஆறு மாசமா ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு வருவேண்ணே. நான் போயி அவரப் பாத்து, கூட இருந்துட்டு வரட்டுமான்னு. வரும்போதெல்லாம் நீங்க காருக்கடியில படுத்திருப்பீங்க. காலு மட்டும் தெரியும். காலுகிட்ட எப்படிண்ணே கேக்கறது?"

மாப்பிள்ளை, என் தங்கை, நான் தூக்கி வளர்த்த பிள்ளை, என் வீட்டிலேயே ஒன்பது மாதம் தனியாக இருந்திருக்கிறாள். நான் அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

கப்பல் செலவுக்காகக் காரை இன்றே விற்றுவிட்டாள். காரின் பத்திரத்தை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் தாங்கள் போனீர்களாம், எனக்கு இப்போதுதான் தெரியும். வாங்கினவர் நசீருதீன். கிள்ளானில் அவருடைய அண்ணன் வைத்திருக்கும் ஜவுளிக்கடைக்கு மூட்டை ஏற்றுவதற்காம். மூன்று டப்பாவையும் என் தலையில் கட்டிய அதே மனுஷர், காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பழைய காரா இருந்தாலும் என்னமா வச்சிருக்கீங்க, எந்த மெருகு போட்டீங்க?" என்று கேட்டார். காரைக் கிளப்பிக் கொடுக்க வந்திருந்த கன்னையா சிரித்துவிடுவாரோ என்று அந்தப் பக்கமே நான் பார்க்கவில்லை. பொட்டு வைத்த இடத்தில் மண்ணெண்ணெய் கொஞ்சம் மங்கலாக்கியிருந்தது. அதற்குக் கொஞ்சம் மெழுகு போட்டால் சரியாகிவிடும் என்று வழியும் சொல்லி அனுப்பினேன். கார் தெருமுனை திரும்பிப் போயிற்று. கொட்டகை காலியாக இருக்கிறது, பவுனம்மாள் அதில் விறகு அடுக்க வேண்டும் என்கிறாள்.

ஆகையால் மேலே பத்துப் பக்கம் எழுதியது ஒன்றுக்கும் உதவாது. எனாமலை எடுப்பது எப்படி என்று எழுத வேண்டாம், மண்ணெண்ணெய் போதும். இந்தக் கடிதம் தபாலில் வராது. வருகிற கப்பலில் சீதாலெட்சுமி கையில் வருகிறது. பவுனம்மாள் நல்லெண்ணெய் ஒரு போத்தலும் கொடுத்துவிட்டிருக்கிறாள், மறுக்காமல் தலைக்கு வைத்துக்கொள்ளவும்.

வியாழக்கிழமை எங்களிடம் சொல்லாமலே தபாலாபீசுக்கு நடந்து போய்த் தங்கள் பதிலுக்கும் சேர்த்துக் கூலி கட்டித் தங்களுக்குத் தந்தி அடித்திருக்கிறாள். தங்கள் பதில் நேற்றுச் சாயங்காலமே வந்துவிட்டதாம். கொஞ்சம் முன்னால்தான் எனக்குக் காட்டினாள். உடனே புறப்பட்டு வா என்று மட்டும் இருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன், காகிதத்தைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தேன். காரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை, மாப்பிள்ளை.